பதினாறும் பதிமூன்றும்

சதுப்பில் வண்டி தானாக நிற்காது. பலகை போட்டு, அதன் மேல் குறுக்கே இன்னொரு பலகை போட்டு, நாலு மூலையிலும் திருகு நங்கூரங்களை மண்ணுக்குள் முறுக்கி இறக்கிய பிறகுதான் நிற்கும். அதற்கே காலைப் பொழுது போய்விடும். பிறகு கூம்பை இறக்குவார்கள். கைக்கு அடக்கமான இரும்புக் கூம்பு. ஒரே சீரான வேகத்தில் அது கீழே போகப் போக, மேலே ராடுக்கு மேல் ராடாக மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுனியை மண் எவ்வளவு எதிர்க்கிறது என்பது வண்டிக்குள் இருக்கும் திரையில் கோடாக விழும்.

இந்தக் களிமண் அதிகம் எதிர்க்கவில்லை. மேலே ஒரு முழத்துக்குக் காய்ந்த ஓடு இருந்தது. அதைத் தாண்டியதும் கோடு படுத்துக்கொண்டது.

"தயிர்ல கரண்டி விட்ட மாதிரி போகுது" என்றான் கணவன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் இயந்திரத்தை ஓட்டுவான், அவள் கணக்குப் போடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. இந்த வேலையைக் கொடுத்தவர் அவனுடைய அக்காள் கணவர். சாலை காண்ட்ராக்டர். சதுப்புக்கு நடுவே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, அதன் மேல் சாலை போட எடுத்திருந்தார். ஒரே மூச்சில் எவ்வளவு உயரம் கொட்டலாம் என்று அவள் சொல்ல வேண்டும்.

கூம்பு காட்டும் எதிர்ப்பு அப்படியே மண்ணின் பலம் ஆகிவிடாது. மேலே கிடக்கும் மண்ணின் பாரத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சத்தை ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். அப்படி வருவதுதான் பலம். அதாவது, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் கொடுக்காமல் திடீரென்று பாரம் ஏற்றினால் களிமண் எதுவரை தாங்கும் என்பது. சிக்கல் முழுதும் அந்த வகுக்கும் எண்ணில் இருக்கிறது. பத்திலிருந்து இருபது வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது புத்தகம். பெரிய எண்ணால் வகுத்தால் மண் நோஞ்சான். சின்ன எண்ணால் வகுத்தால் அதே மண் பலசாலி.

இதே ஆற்றின் மேல்பக்கம் முன்பு பார்த்த களிமண்ணுக்குப் பதினாறு வந்திருந்தது. அவள் பதினாறு வைத்துப் போட்டாள். கரையைப் பாதி உயரம் கொட்டலாம், தண்ணீர் வடிய மாதக்கணக்கில் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டலாம் என்று வந்தது.

காண்ட்ராக்டர் கோபப்படவில்லை. இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மழைக்கு முன் கரை முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். அந்தப் பத்து, இருபது என்கிற விஷயத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"பத்துலேருந்து இருபதுன்னா, பதிமூணும் அதுக்குள்ளதானேம்மா இருக்கு?"

"பேரம் பேசுற எண் இல்லீங்கண்ணா அது" என்றாள் அவள்.

நாத்தனார் சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டினாள். "மனுசங்க கேட்டா குடுக்க மாட்டாங்க இன்ஜினியரம்மா. மண்ணே எழுந்து வந்து கேட்டாதான் குடுப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தான். இன்ஜினியரம்மா என்பது நாத்தனார் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் வைத்தது.

மண்ணையே கேட்டுவிடலாம் என்று அவள் சொன்னாள். அதற்கு ஒரு வழி இருந்தது. நாலு இறக்கை வைத்த கம்பியைக் களிமண்ணுக்குள் இறக்கி, மேலே கைப்பிடியால் சுற்ற வேண்டும். மண் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு கட்டத்தில் அறுந்து விட்டுக்கொடுக்கும். எவ்வளவு முறுக்குக்கு விட்டுக்கொடுத்தது என்பதிலிருந்து பலம் நேரடியாகக் கிடைக்கும். அதையும் பக்கத்திலேயே இறக்கிய கூம்பின் அளவையும் வைத்துப் பார்த்தால் அந்த மண்ணுக்கு உரிய எண் தெரிந்துவிடும். பதினாறா, பதிமூன்றா என்று யாரும் வாயால் பேச வேண்டியதில்லை.

ஒரே நிபந்தனை, மெதுவாகச் சுற்ற வேண்டும். கைப்பிடி நகர்வது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக. பாரத்தால் கை வலிக்காது, பொறுமையால் வலிக்கும். வேகமாகச் சுற்றினால் களிமண் தன்னிடம் இல்லாத பலத்தைக் காட்டும். தண்ணீரில் கையை மெல்ல விட்டால் இறங்கும், ஓங்கி அறைந்தால் உள்ளங்கை எரியும். அது போலத்தான். அந்தக் கம்பியைச் சுற்றுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

அவளும் உடன் போவதாகத்தான் இருந்தது. காலையில் நாத்தனார் வந்துவிட்டாள். காண்ட்ராக்டரின் உறவுக்காரர்கள் ஊரிலிருந்து வருகிறார்களாம், தன் வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறதாம், இங்கேதான் சாப்பாடாம். மருமகள் மண்ணைக் கிளறப் போய்விட்டால் வந்தவர்களுக்குத் தம்பியா சோறு வடித்துப் போடுவான் என்று கேட்டாள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ராடுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு பாகை நகர்த்தப் பத்து நொடி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுங்கள் என்று அவனிடம் சொன்னாள். எனக்கே பாடமா என்று அவன் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அவள் உள்ளே வந்து நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

சதுப்பில் அன்றைக்குக் காற்றே இல்லை. காண்ட்ராக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நின்றார். வந்த உறவுக்காரர்களில் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முதல் ஆழத்தில் அவன் சரியாகத்தான் ஆரம்பித்தான். கடிகாரத்தைப் பார்த்தான், நகர்த்தினான், பார்த்தான், நகர்த்தினான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"என்ன மாப்ள, களிமண்ணத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?" என்றார் காண்ட்ராக்டர்.

வந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கை கொஞ்சம் வேகம் எடுத்தது. முள் நன்றாக ஏறியது. நல்ல அளவு வந்ததும் காண்ட்ராக்டர் அவன் முதுகில் தட்டினார். அடுத்த ஆழத்தில் அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தெரியாமல் செய்தான் என்று சொல்ல முடியாது. கணக்குப் போடுகிறவர்கள் எப்படியும் கொஞ்சம் கையிருப்பு வைத்துத்தான் போடுவார்கள், அதில் இது அடங்கிவிடும் என்று நினைத்தான். மிச்ச ஆழங்களைக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலச் சுற்றி முடித்தான்.

சோறு ஆறுவதற்குள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததா என்று அவள் கேட்டாள். மண் நல்ல மண் என்றான். பந்தி பரிமாறுகிற அவசரத்தில் அவள் மேலே கேட்கவில்லை. மறுநாள் கணக்குப் போட்டாள். பதிமூன்று வந்தது. திரும்பப் போட்டாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் இது புத்தகத்திலிருந்து எடுத்தது இல்லை, அளந்தது. அளந்ததை நம்ப வேண்டும் என்றுதான் அவள் படித்திருந்தாள். முழு உயரமும் ஒரே மூச்சில் கொட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பாத்தியா, மண்ணே எழுந்து வந்து கேட்டுருச்சு" என்று காண்ட்ராக்டர் தன் மனைவியிடம் சொன்னார்.

கரை முழு உயரம் எட்டிய மறுநாள் காலையில் உச்சியில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது. அதைப் பார்க்கக் காண்ட்ராக்டர் தானே மேலே ஏறினார். உருளை வண்டி சற்றுத் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கரையின் நடுப்பகுதி உட்கார்ந்தது. பக்கத்துச் சதுப்பு, போர்வைக்குள் ஆள் புரண்டு படுப்பது போல, மெல்ல மேலே எழுந்தது. உருளை வண்டி ஓட்டுநர் குதித்துத் தப்பினார். காண்ட்ராக்டரை எடுக்க மறுநாள் சாயங்காலம் ஆனது. அவர் வாய் நிறையக் களிமண் இருந்தது. விரலை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. கணவன்தான் எடுத்தான்.

அவள் போய்ப் பார்த்தாள். மண் அறுந்து நழுவிய இடம், ஈர சோப்பை வெட்டினால் தெரிகிற முகம் போல, வழவழவென்று மின்னியது.

நாத்தனாருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு அறை வீடு. படுக்கையறையை நாத்தனாருக்குக் கொடுத்தார்கள். கணவன் கூடத்தில் படுத்தான். அவள் சமையலறையில், பாத்திர அலமாரிக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள்.

நாத்தனார் அழுது தீர்க்கிறவள் இல்லை. வேளைக்குச் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் சோறு விழுந்ததும் கையை வைக்காமல் நிமிர்ந்து பார்ப்பாள்.

"எத்தனைன்னு சொன்ன?"

"பதிமூணு."

அதன் பிறகுதான் பிசைவாள். காலையிலும் இதுதான், ராத்திரியிலும் இதுதான். முதலில் அவள் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தாள். அப்போது நாத்தனார் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவனும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தான். "சொல்லேன், அக்கா பட்டினியா உக்காந்திருக்கு பாரு" என்றான். அவள் சொன்னாள். ஒரு நாள் அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்று நாத்தனார் மறுபடி கேட்டபோது, சத்தமாகச் சொல்லும்படி அவன்தான் கண்ணைக் காட்டினான்.

வேறு வேலை எதுவும் வரவில்லை. பகலில் அவள் அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூம்பின் அளவுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். கழித்தாள், வகுத்தாள். மண் ஏன் போனது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தன் கையால் ஓர் ஆள் செத்திருக்கிறார், எந்த வரியில் செத்தார் என்று தெரிய வேண்டும். ஒரு காலையில் அவன் அவள் பின்னால் வந்து நின்றான்.

"எங்கயாவது கழிக்க மறந்திருப்ப" என்றான்.

அவள் முதலிலிருந்து பார்த்தாள். எல்லாம் கழிக்கப்பட்டிருந்தது. மதியம் அவனிடம் போய், நான் மறந்திருக்கத்தான் வேண்டும், ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவன் பல் துலக்கும் பிரஷ்ஷால் இறக்கைக் கம்பியின் இடுக்கில் இருந்த காய்ந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தான். விடு என்றான். பெருந்தன்மையாகத்தான் சொன்னான்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வேறு ஊரில் மண் பரிசோதனைக் கூடம் நடத்தியவர். சளி பிடித்திருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூக்கைச் சிந்தினார். கரையின் உயரத்தை அளந்தார். அவள் எழுதிக் கொடுத்த உயரத்துக்கு மேல் காண்ட்ராக்டர் ஒரு சாண் கூடக் கொட்டவில்லை. கூம்பின் அளவுகளும் சரியாக இருந்தன. அப்படியென்றால் மிச்சம் இருப்பது அந்த எண்தான் என்றார்.

இறக்கைக் கம்பியை மறுபடி இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டது அவள். அவர் ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கணவன், செத்தவர் திரும்பி வரப்போகிறாரா, எதற்கு இந்த வேலை என்றான். பிறகு, அந்த மண் இப்போது கலங்கிப் போயிருக்கும், சரியாக வராது என்றான். கலங்காத இடமாகப் பார்த்துத் தள்ளிப் போய் இறக்கலாம் என்று அவள் சொன்னாள்.

நானும் வருவேன் என்றாள் நாத்தனார். "இன்ஜினியரம்மா மண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாங்க. நான் பாக்க வேண்டாமா?"

சரிந்த கரையைத் தாண்டி, புல் அப்படியே நிற்கிற இடத்தில், முன்பு கூம்பு இறக்கிய புள்ளி ஒன்றின் பக்கத்தில் பலகை போட்டார்கள். நாத்தனார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கணவன் ராடுகளை மாட்டிக் கம்பியை இறக்கினான். வழக்கம் போலத் தானே கைப்பிடியைப் பிடித்தான். கையெழுத்துப் போட்டவர் சுற்றட்டும் என்றார் அதிகாரி. அவளுக்குப் பழக்கம் இல்லை, நான் சுற்றுகிறேன் என்று அவன் சொன்னான். அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு அதையே மறுபடி சொன்னார். அவன் விலகினான்.

அவள் கடிகாரத்தைப் பலகை மேல் வைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு பாகை, பத்து நொடி. இன்னொரு பாகை. முன்கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் கைப்பிடிக்குப் போகாமல் இருக்க முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொண்டாள். முள் ஒரு மயிரிழை ஏறியது. பார்க்க ஒன்றுமே இல்லை. நாத்தனார் கொட்டாவி விட்டாள். முள் ஏறி, நின்று, பிறகு தானாக இறங்கியது. கீழே எங்கோ களிமண் அறுந்துவிட்டது. அதிகாரி அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆழத்துக்கு இறக்கச் சொன்னார்.

மூன்றாவது ஆழம் முடிவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. அதிகாரி அங்கேயே நின்றபடி வகுத்துப் பார்த்தார். பதினாறும் கொஞ்சமும் வந்தது. மூன்று ஆழத்திலும் அப்படியே வந்தது.

அவள் நிமிர்ந்தாள். முதுகு பிடித்துக்கொண்டது. கணக்கில் தப்பு இல்லை என்பதுதான் முதலில் அவள் மனதில் பட்டது. அதற்குப் பிறகுதான் அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ராடுகளின் மரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த ராடையே மறுபடி துடைத்தான்.

போன தடவை வேகமாகச் சுற்றியிருக்கிறார்கள் என்றார் அதிகாரி. நாத்தனாருக்கும் புரியட்டும் என்று, பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் உள்ளங்கையை மெல்ல இறக்கிக் காட்டினார், பிறகு ஓங்கி அறைந்து காட்டினார். வேகமாகச் சுற்றியதால் களிமண் பலமாகத் தெரிந்தது, அதனால் எண் குறைந்தது, அதனால் கரை உயர்ந்தது. நாத்தனார் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். போன தடவை அத்தனை ஆழத்துக்கும் மெதுவாகச் சுற்றியிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டாள். பொழுது சாய்ந்திருக்கும் என்றார்.

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்தே இருந்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"போன தடவை யாரு சுத்தினது?" என்றார் அதிகாரி.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் நாத்தனார் சொன்னாள்.

"இவதான் சார். தம்பி வண்டியில இருந்தான். எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு, இன்ஜினியரம்மாவே சுத்துறாங்கன்னு."

செத்த மனிதரை அவள் சாட்சிக்குக் கூப்பிட்டபோது குரலில் ஒரு பிசிறும் இல்லை.

"நான் வீட்ல இருந்தேன் சார். அண்ணிகூட சமையல்கட்டுல இருந்தேன்."

அதிகாரி நாத்தனாரைப் பார்த்தார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள், துக்கத்தில் இருப்பவளை இப்படியெல்லாம் படுத்துகிறார்களே என்பது போல. அதிகாரி கணவன் பக்கம் திரும்பினார்.

"அவதான் சார்" என்றான் அவன், ராடைப் பார்த்து.

அதிகாரி மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை நாலாக மடித்தார். வீட்டில் இருந்ததாக அவள் சொன்னதை நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"யார் சுத்தினா என்னம்மா. கையெழுத்து உங்களோடது. நீங்க சுத்தியிருந்தா அது தப்பு. பக்கத்துலயே நிக்கலைன்னா அது அதைவிடப் பெரிய தப்பு."

இனி அவள் கையெழுத்தோடு எந்தக் கணக்கும் போக முடியாதபடி எழுதப் போவதாகச் சொன்னார். வழக்கு வருமா என்பது தன் கையில் இல்லை என்றார். தண்ணீரில் கை கழுவிக்கொண்டு தன் ஜீப்புக்குப் போனார். அது வரப்போடு ஆடி ஆடிப் போய்ச் சாலை ஏறியது.

கம்பியை உருவினார்கள். இறக்கைகளுக்கு நடுவே சாம்பல் நிறக் களிமண் கட்டியாக ஒட்டியிருந்தது. காய்ந்தால் எடுப்பது கஷ்டம். அவள் அதை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். நங்கூரங்களை அவிழ்த்தார்கள், பலகைகளை ஏற்றினார்கள்.

அந்தச் சதுப்பிலிருந்து சாலைக்குப் போக வேறு வண்டி கிடையாது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். வரும்போது அவள் பின்னால் ராடுகளோடு உட்கார்ந்து வந்தாள். இப்போது நாத்தனார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முன்னால் ஏறு என்றாள். அவள் நடுவில் உட்கார்ந்தாள். நாத்தனார் ஏறிக் கதவைச் சாத்தினாள். தன் கைக்குட்டையை எச்சில் தொட்டு அவள் கன்னத்தில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவளை நாத்தனார் தொட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி கொஞ்ச தூரம் போனது.

"அண்ணி, அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

"எம் பக்கத்துலதான்" என்றாள் நாத்தனார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "வெங்காயம் உரிச்சிட்டிருந்த."

கணவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"அவருதான் போயிட்டாரு. இவனையும் தூக்கிக் குடுத்துட்டு நான் யாருகிட்டப் போவேன்? நீ படிச்சவ. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ. இவனுக்கு இது ஒண்ணுதான தெரியும்." அவள் கைக்குட்டையை மடியில் வைத்து நீவினாள். "சாப்புடும்போது இனிமே உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். நிம்மதியாச் சாப்புடு."

வழியில் ஏதாவது வாங்க வேண்டுமா என்று கணவன் கேட்டான். பால் தீர்ந்துவிட்டது என்றாள் நாத்தனார்.

முன்னிருக்கை குறுகல். நடுவில் உட்கார்ந்தால் கியர் தடி முழங்காலில் இடிக்கும். மேடு வந்தது. அவன் கையைத் தடியின் மேல் வைத்துக் காத்திருந்தான். அவள் முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தாள்.